அனார்கான் பள்ளிக்கூடம் பார்த்த வருஷம்

அனார்கான் ஓட்டிய டிராலி பஸ்ஸில் நான் பதினோரு வருஷம் கண்டக்டராக இருந்தேன். எங்கள் கிர்கிஸ் நாட்டுப் பிஷ்கெக் நகரத்தில் அவளைவிட நன்றாக ஓட்டுகிறவர்கள் உண்டு. அவளைப் போலக் கனவு கண்டுகொண்டே ஓட்டுகிறவர்கள் யாரும் கிடையாது. எங்கள் தெருக்கள் தெற்கே திரும்பினால் கோடியில் பனிமலை நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் அவளுக்கு நிறுத்தம் மறந்துபோகும். நான் கண்ணாடித் தடுப்பில் காசைத் தட்டிக் கத்துவேன்.

"அடியே, நிறுத்தம் போயிடுச்சு!"

"ஐயோ அக்கா, அந்த மலைக்குப் பின்னால இப்ப பனி உருக ஆரம்பிச்சிருக்குமில்ல? அதையே நெனச்சுட்டிருந்தேன்."

பயணிகள் அவளைத் திட்டமாட்டார்கள். அவ்வளவு அழகாக மன்னிப்புக் கேட்பாள். திட்டுவதற்குத்தான் நான் இருந்தேனே. எனக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கும் என்று டெப்போ முழுக்கத் தெரியும். ஜூரா அக்கா வண்டியில் டிக்கெட் எடுக்காமல் ஏறுவதற்கு ஆட்கள் யோசிப்பார்கள்.

அனார்கான் நாரின் மாவட்டத்து மலைக்காரி. பத்தொன்பது வயதில் நகரத்துக்கு வந்து, டெப்போவிலேயே ஓட்டப் பழகினாள். புருஷன் ஜோல்தோஷ் சைபீரியாவில் அடுக்குமாடி கட்டுகிற வேலையில் இருந்தான். வருஷத்துக்கு ஒரு மாசம் வருவான், தரையில் படுத்துக்கொண்டு மகளை வயிற்றின் மேல் உட்காரவைத்து விளையாடுவான், போய்விடுவான். மகள் பெயர் சைகல். பாலர் பள்ளியில் இடம் கிடைக்காததால் மூன்றரை வயதிலிருந்தே அவள் எங்கள் வண்டியில்தான் வளர்ந்தாள். டிரைவர் அறைக்குப் பின்னால் ஜன்னலோர ஒற்றை இருக்கை அவளுடையது. அதில் உட்காரப்போன ஒரு பெரிய அதிகாரியையே நான் எழுப்பிவிட்டிருக்கிறேன்.

காலையில் முதல் நடை டெப்போவிலிருந்து கிளம்பும்போது வண்டியில் நாங்கள் மூவர் மட்டும் இருப்போம். நாலு நிறுத்தம் வரை யாரும் ஏறமாட்டார்கள். ஜன்னலில் மூச்சுக்காற்று படிந்திருக்கும். மேலே மின்கம்பியோடு உரசிக்கொண்டு கொம்புகள் முனகும். டிராலி பஸ்ஸின் கூரையில் இருக்கிற அந்த இரண்டு நீளக் கழிகளை நாங்கள் கொம்பு என்போம். கம்பியைக் கொம்பு பிடித்திருக்கும் வரைதான் வண்டிக்கு உயிர். அந்த நாலு நிறுத்த நேரம் சைகலின் கனவுக்கானது.

கனவை யார் முதலில் கேட்டு எப்படிப் பலன் சொல்கிறார்களோ அப்படித்தான் அது நடக்கும் என்ற நம்பிக்கை எங்களிடம் உண்டு. அதனால் நம்மேல் பிரியமுள்ளவர்களிடம் மட்டும்தான் சொல்வோம். கேட்கிறவர், 'நல்லதுக்கே ஆகட்டும்' என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். சொல்லத் தகுந்த ஆள் இல்லையென்றால், அல்லது கனவு கெட்டதாக இருந்தால், ஓடும் தண்ணீரிடம் சொல்லிவிடுவோம். அது கொண்டுபோய்விடும்.

"அம்மா, நம்ம பஸ்ஸுக்கு நெசமாவே கொம்பு மொளைச்சிருந்துச்சு. மலைக்குப் போய்ப் புல்லு மேஞ்சுச்சு. உள்ள எல்லாரும் தூங்கிட்டிருந்தாங்க."

"நல்லதுக்கே ஆகட்டும்! புல்லு மேஞ்சா வயிறு நெறையும். இந்த வருஷம் நமக்குக் கொறை ஒண்ணுமில்ல."

"ஜூரா பெரியம்மா ஒரு ஆட்டுக்கிட்ட டிக்கெட் கேட்டாங்க."

"எடுத்திருந்துச்சா?" என்றேன் நான்.

"இல்ல. நான் இன்னும் குட்டி, எனக்கு டிக்கெட் கெடையாதுன்னு சொல்லிடுச்சு."

எத்தனையோ பேர் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள், ஆடு ஏமாற்றியது அதுதான் முதல் தடவை. அன்று பூராவும் நினைத்து நினைத்துச் சிரித்தேன். அந்த வண்டியில் அந்த நாலு நிறுத்தத்துக்காகத்தான் நான் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன் என்று இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சைகலுக்கு ஆறு வயது நடந்த அந்த இலையுதிர் காலத்தில்தான் பள்ளிக்கூடப் பேச்சு வந்தது. அடுத்த செப்டம்பரில் ஒன்றாம் வகுப்பு. ரஷ்ய மொழிப் பள்ளியா, கிர்கிஸ் மொழிப் பள்ளியா? எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிட இதற்குத்தான் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்றிருந்தபோது ஜோல்தோஷின் போன் வந்தது. அனார்கான் கையில் ரொட்டி இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள், நானும் கேட்டேன்.

"இத்தனை வருஷத்துல உங்கிட்ட எதுவும் கேட்டதில்ல அனார்கான். இப்ப ஒண்ணு கேக்குறேன். புள்ளைய ரஷ்ய ஸ்கூல்லயே போடு."

"ஏன், என்ன ஆச்சு?"

"பல்லு வலிச்சுது. டாக்டர்கிட்ட போனேன். எந்தப் பல்லுன்னு ரஷ்யத்துல சரியாச் சொல்லத் தெரியல. நல்ல பல்லைப் புடுங்கிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அனார்கான் சிரிக்கவில்லை. ரொட்டியை மடியில் வைத்துவிட்டாள்.

"எம் பொண்ணு எந்தப் பல்லுன்னு சொல்லணும்," என்றான் அவன்.

மறுநாளிலிருந்து அனார்கான் வண்டியில் ஏறுகிற எல்லோரிடமும் யோசனை கேட்டாள். கேட்டால் விடுவார்களா நம் ஜனங்கள்! பள்ளிச் சமையலறையில் இருபது வருஷம் சூப் காய்ச்சிய ஒருத்தி, "மொதல்ல கக்கூஸைப் போய்ப் பாரு. அது சுத்தமா இருந்தா ஹெட்மாஸ்டர் நல்லவர்னு அர்த்தம்," என்றாள். கம்பளித் தொப்பி போட்ட ஒருவர், "வகுப்புல எத்தனை தலைன்னு எண்ணு. வாத்தியாருக்கு உம் பொண்ணு பேரு எப்ப ஞாபகம் வரும், அஞ்சாம் வகுப்புலயா?" என்று கேட்டார். கல்லூரிப் பெண் ஒருத்தி, வாசலில் நிற்கும் காவலாளி பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்கச் சொன்னாள். அந்த மூன்றில் அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது.

"நீங்க என்ன அக்கா சொல்றீங்க?" என்றாள் அனார்கான்.

"எம் மூணு பசங்களையும் பக்கத்துல இருந்த ஸ்கூல்ல போட்டேன்."

"ஏன் அது?"

"பக்கத்துல இருந்துச்சு."

அவள் மனசில் ஏற்கெனவே ஒரு பள்ளி இருந்தது. எங்கள் தடத்தில், வெள்ளைத் தூண்கள் வைத்த பள்ளி. மதியம் அந்தப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக வந்து ஏறுவார்கள். வெள்ளை ரிப்பன் சாயாது, சட்டைக் காலர் கசங்காது, குரல் உயராது. எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்திலுள்ள கிர்கிஸ் பள்ளிப் பிள்ளைகளோ உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் பீச்சுவதுபோல வருவார்கள். பையால் அடித்துக்கொள்வார்கள், என் காதருகே பாடுவார்கள்.

"அந்தத் தூண் ஸ்கூல் பசங்க எறங்கும்போது நன்றி சொல்றாங்க, கவனிச்சீங்களா அக்கா?"

"எங்கிட்டயும் சொல்றாங்க. அதுல பாதிப் பேரு டிக்கெட் எடுக்கல."

அவள் காதில் அது விழவில்லை. மலையைப் பார்ப்பது மாதிரிதான் அந்தத் தூண்களையும் பார்த்தாள். அங்கே சேர்வதற்கு ஏப்ரலில் ஒரு நேர்காணல் உண்டு. மூன்று பேர் உட்கார்ந்து பிள்ளையோடு ரஷ்ய மொழியில் பேசிப் பார்ப்பார்கள். வீட்டில் அந்த மொழி புழங்கினால்தான் பிள்ளை தேறும் என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

அக்டோபர் முதல் தேதி அனார்கான் முடிவெடுத்தாள். இனி மகளோடு ரஷ்யம் மட்டும்தான், கிர்கிஸ்ஸில் ஒரு வார்த்தை கிடையாது. எங்கள் ஊரில் இப்படி முடிவெடுத்த தாய்மார்கள் ஏராளம். ஆனால் அனார்கானிடம் எவ்வளவு ரஷ்யம் இருந்தது? வண்டியில் ரஷ்யத்தில் நிறுத்தம் சொல்லி ஒலிபெருக்கி பேசுமே, ஒரு பெண் குரல், எந்த ஊர்க்காரி என்றே தெரியாத சுத்தமான உச்சரிப்பு, அவள் சொல்கிற அளவுதான் இவளுக்கும் தெரியும். அதோடு டெப்போவில் கற்ற சில கெட்ட வார்த்தைகள். அவற்றை வீட்டில் பேச முடியாது.

ஒருநாள் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். கதவைத் திறந்ததும் அனார்கான் மகளைப் பார்த்து ரஷ்யத்தில் சொன்னாள்:

"மதிப்புக்குரிய பயணிகளே, கைகளைக் கழுவிக்கொள்ளவும்."

சைகல் கழுவிவிட்டு வந்தாள்.

"கவனம். கஞ்சி சூடாக உள்ளது. முன்பக்கமாக நகரவும்."

சைகல் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"அடுத்தது?" என்று அனார்கான் கேட்டாள்.

"அடுத்த நிறுத்தம், ரொட்டி," என்றது குழந்தை. உச்சரிப்பு அச்சு அசல் ஒலிபெருக்கிக்காரிதான்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அனார்கானும் சிரித்தாள். சைகல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது. இதை நான் எனக்குத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

காலை முதல் நடையில் கனவு நின்றுபோனது. முதல் வாரம் சைகல் வழக்கம்போல, "அம்மா, நான் ராத்திரி..." என்று ஆரம்பித்தாள். அனார்கான் கண்ணாடியில் அவளைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள். ரஷ்யத்தில் சொல் என்று சைகை. ஒலிபெருக்கிக்காரி கனவைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லையே, அந்த வார்த்தை அனார்கானுக்கே தெரியாது. குழந்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அடி, நாலே நாலு நிறுத்தம். அதுக்காவது விடேன்," என்றேன்.

"பள்ளிக்கூடம் சேர்ற வரைக்கும்தான் அக்கா. எனக்கு மட்டும் ஆசையில்லையா? நானும் பல்லைக் கடிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"உம் பல்லை விடு. அவ வாயை மூடிட்டாளே."

"அவங்கப்பா கேட்டிருக்காரு அக்கா. ஒரே ஒரு தடவை கேட்டிருக்காரு."

நான் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான் பேசாமலிருந்தால் அது தண்டனை என்று எனக்கு ஒரு நினைப்பு.

பனிக்காலம் வந்தது. நகரம் வெள்ளையாகிச் சத்தமில்லாமல் போயிற்று. கம்பியில் உறைபனி பிடித்திருக்கும், கொம்பு உரசும்போது நீலப் பொறி பூவாக உதிரும். அந்த வெளிச்சம் சைகலின் முகத்தில் விழுந்து விழுந்து மறையும். அவள் பேசவே மாட்டாள். அந்த ஐந்து மாசத்தில் அவள் சொன்னதெல்லாம் பத்துப் பன்னிரண்டு வாக்கியம்தான் இருக்கும், எல்லாமே நிறுத்தமும் கதவும். ஒருநாள் டெப்போவில் கைகழுவும் இடத்தில் அவளைப் பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீருக்குப் பக்கத்தில் வாயை வைத்து என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். தண்ணீரை வீணாக்காதே என்று ஒரு அதட்டல் போட்டுக் குழாயை மூடினேன். பாவி நான், ஓடும் தண்ணீரிடம் யார் என்ன சொல்வார்கள் என்று அந்த நிமிஷம் எனக்கு ஏன் உறைக்கவில்லை?

மார்ச்சில் அனார்கானுக்குப் பயம் பிடித்தது. ஒருநாள் கடைசி நிறுத்தத்தில் தலையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, எம் பொண்ணு மந்தமா?"

"வாயைக் கழுவு."

"முன்னாடி எவ்வளவு பேசுவா! ரஷ்யம்தான் வரலைன்னா, இருந்ததும் போயிடுச்சே. பக்கத்து வீட்டு சோனியா இவ வயசுதான், மழை மாதிரி ரஷ்யம் பேசுறா. இவ அவ கூடத்தான் நாள் பூரா விளையாடுறா. ஆனா வீட்டுக்கு வந்தா 'அடுத்த நிறுத்தம் படுக்கை'ன்னு சொல்லிட்டுப் படுத்துக்கிறா. நேர்காணல்ல என்ன பண்ணுவா?"

அவள் தோளைத் தட்டினேன்.

நேர்காணலுக்கு நானும் போனேன். அனார்கானுக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்று நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு ரஷ்யம் நன்றாகத் தெரியும், முப்பது வருஷம் சண்டை போட்டுப் பழகியது. தூண்களுக்குப் பின்னால் நீளமான கூடம், பளபளத்த தரையில் ஜன்னல்கள் தலைகீழாகத் தெரிந்தன. வாசலில் கொடுத்த நீலப் பிளாஸ்டிக் உறைகளைச் செருப்புக்கு மேல் மாட்டிக்கொண்டு நடந்தோம். எங்கள் காலடி எங்களுக்கே கேட்கவில்லை.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைமையாசிரியை, வலது பக்கம் கண்ணாடி போட்ட ஒருவர், இடது பக்கம் தாமிரா என்ற இளம் கிர்கிஸ் ஆசிரியை. தலைமையாசிரியை அன்பாகத்தான் கேட்டார், அதைச் சொல்லிவிட வேண்டும்.

"உன் பெயர் என்ன, கண்ணே?"

சைகல் ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தாள். "கவனம். சைகல்."

"வீட்டில் யாரெல்லாம் இருக்கிறீர்கள்?"

"முன்வாசலில் அம்மா. அப்பா, கடைசி நிறுத்தம்."

கண்ணாடிக்காரர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு படத்தைக் காட்டினார்கள், ஆறும் படகும் நாயும். இதைப் பற்றிச் சொல் என்றார்கள். சைகல் மறுபடி அம்மாவைப் பார்த்தாள். "கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளவும்," என்று மட்டும் சொன்னாள்.

அனார்கானின் கழுத்தெல்லாம் சிவந்துபோயிருந்தது. அப்போதுதான் தாமிரா தலைமையாசிரியையின் காதில் ஏதோ சொல்லிவிட்டு, பெற்றோர் கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும் என்றாள். நாங்கள் கூடத்துக்கு வந்தோம். கதவை முழுக்கச் சாத்தவில்லை.

பிறகு ஒரு குரல் கேட்டது. வேகமான, தெளிவான, தடுக்காத ரஷ்யம். அது சோனியாவின் ரஷ்யம், என் பயணிகளின் ரஷ்யம், மூன்று வருஷம் அந்த ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து ஒரு குழந்தை சேர்த்துவைத்த ரஷ்யம். படகைப் பற்றிச் சொன்னாள், நாய் ஏன் கரையில் நின்றுவிட்டது என்று சொன்னாள். உள்ளே சிரித்தார்கள். பிறகு, இது நான் கண்ட கனவு மாதிரி இருக்கிறது என்று ஆரம்பித்தாள்.

"பேசுறா அக்கா!" அனார்கான் என் கையைப் பிடித்து நசுக்கினாள். "கேட்டீங்களா, எம் பொண்ணுதான்! என்ன சொல்றா? வேகமாப் பேசுறா, எனக்குப் பிடிபடல. சொல்லுங்க அக்கா."

அவள் சொன்னது இதுதான். ஒரு பெரிய வீடு, கதவுகளெல்லாம் பஸ் கதவு. அம்மா பேசுகிறாள், வாயிலிருந்து சத்தத்துக்குப் பதிலாகப் பனி வருகிறது. சைகல் அதைத் தொப்பியில் பிடிக்கிறாள். வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பருகே வைத்தால் உருகி, அம்மா என்ன சொன்னாள் என்பது கேட்கும். ஆனால் வீடு வரவேயில்லை, நிறுத்தம் நிறுத்தமாகப் போய்க்கொண்டே இருக்கிறது.

"கனவு சொல்றா," என்றேன்.

ஏழு மாசத்துக்குப் பிறகு மகளின் கனவு. கதவுக்கு இந்தப் பக்கம் பெற்றவள் நிற்கிறாள், ஒரு வார்த்தை புரியவில்லை. அவள் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

உள்ளே தாமிரா கேட்டது காதில் விழுந்தது. "இவ்வளவு நன்றாகப் பேசுகிறாயே, அம்மா இருந்தபோது ஏன் பேசவில்லை?"

"அம்மாவுக்கு அவ்வளவு வார்த்தை தெரியாது," என்றாள் சைகல். "நான் நிறையப் பேசினால் அம்மாவால் பதில் சொல்ல முடியாது. அப்புறம் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். அதனால் அம்மாவுக்குத் தெரிந்ததை மட்டும்தான் பேசுவேன்."

"இப்ப என்ன சொன்னா?" என்றாள் அனார்கான்.

நான் எதையும் மறைக்கத் தெரியாதவள். அதை ஒரு பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். அன்றைக்கு மட்டும் ஒரு பொய் சொல்லலாமா என்று தோன்றியது. நன்றாகப் பேசுகிறாள் என்று சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன், ஒரு வார்த்தை விடாமல்.

அனார்கான் குனிந்து தன் காலிலிருந்த நீல உறைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "எனக்காகவா அக்கா பேசாம இருந்தா?" என்றாள்.

தலைமையாசிரியை வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். இடம் கிடைத்துவிட்டது என்றார். மகளை அருமையாகத் தயார் செய்திருக்கிறீர்கள், ஒரே ஒரு வேண்டுகோள், வீட்டில் இதையே தொடருங்கள், வேறு மொழி கலக்க வேண்டாம் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அனார்கான் நிமிர்ந்து, தனக்குத் தெரிந்த ரஷ்யத்தில் பதில் சொன்னாள்.

"நன்றி. நாங்கள் இறங்குகிறோம்."

அவர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். தாமிரா சிரிக்கவில்லை. எங்களோடு வாசல் வரை வந்து, குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அனார்கான் கிர்கிஸ்ஸுக்குத் திரும்பினாள். சைகல் திரும்பவில்லை. "கண்ணு, என்ன சாப்பிடுற?" என்றால், "அடுத்த நிறுத்தம், ரொட்டி" என்று பழையபடியே பதில் வரும். இது ஏதோ புதுச் சோதனை என்று நினைத்தாளோ என்னவோ. காலை முதல் நடையில் மூவரும் உட்கார்ந்திருப்போம். கொம்பு முனகும், யாரும் பேசமாட்டோம்.

அந்த இடம் வேண்டாம் என்றதை ஜோல்தோஷிடம் இவள் போனில் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் கத்திய கத்தலில் ஸ்பீக்கரே தேவைப்படவில்லை.

"உனக்கென்ன பைத்தியமா? கெடைச்ச இடத்தை எவனாவது வேண்டாம்பானா?"

"உங்க பொண்ணு கடைசியா உங்ககிட்ட போன்ல என்ன சொன்னா, ஞாபகமிருக்கா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "'கதவுகள் மூடப்படுகின்றன'ன்னு சொல்லி வெச்சுட்டா. நான் சிரிச்சேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் அதான்." கத்தல் நின்றுவிட்டது. "ஆனா ரஷ்யம் வேணும் அனார்கான். அது இல்லாம ஆகாது."

"அது அவகிட்ட இருக்கு. எங்கிட்டதான் இல்ல. அவ எந்தப் பல்லுன்னு சொல்லுவா, நீங்க கவலைப்படாதீங்க. அவ சொல்றது எனக்குப் புரியணும்."

மே மாசக் கடைசியில் பக்கத்துக் கிர்கிஸ் பள்ளிக்குப் பேர் கொடுக்கப் போனோம். பாப்ளார் மரங்கள் பஞ்சு உதிர்க்கிற நாள். தெரு, படிக்கட்டு, ஜன்னல் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது. அனார்கான் கக்கூஸைப் பார்த்தாள், சுமார்தான். வாசலில் காவலாளி ஒரு பையனுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டுக்கொண்டே அவனைத் திட்டிக்கொண்டிருந்தார். வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டோம். நாற்பத்தொன்று. கம்பளித் தொப்பிக்காரர் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை பெயர் கலீச்சா. ஐம்பது வயதிருக்கும், மூக்கில் ஒரு துளி சாக்பீஸ் தூள். சைகலை அவர் ஒன்றுமே கேட்கவில்லை. பஞ்சு பிடிக்கப் போகிறாயா என்று வெளியே அனுப்பிவிட்டார். தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றைத் திறந்தார். பக்கத்துக்கு ஒரு பிள்ளை, மேலே பெயர்.

"சொல்லுங்கம்மா. உங்க பொண்ணு எதுக்குச் சிரிப்பா? எதுக்குப் பயப்படுவா? எது கெடைச்சா விடவே மாட்டா?"

அனார்கான் பேனாவையே பார்த்தாள்.

"நாப்பத்தோரு பேரும்மா," என்றார் கலீச்சா. "செப்டம்பர்ல ஒவ்வொருத்தரையா உக்காந்து கண்டுபிடிக்க எனக்கு நேரம் இருக்காது. அதான் வீட்டுல இருக்கிறவங்ககிட்ட இப்பவே கேட்டு வெச்சுக்குவேன்."

எனக்கு நாக்கு துடித்தது, ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லிவிடலாம் என்று. ஆனால் அது போன வருஷத்துச் சைகல். இந்த வருஷத்துச் சைகல் எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்கும் தெரியாது. என்னை நானே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தெரியல டீச்சர்," என்றாள் அனார்கான். "முன்னாடி தெரியும். அக்டோபர்லருந்து கேக்கல."

வேறு யாராக இருந்தாலும் ஒரு பார்வை பார்த்திருப்பார்கள். கலீச்சா பேனாவை மூடி நோட்டுக்குள் வைத்தார்.

"அப்ப போய்க் கேட்டுட்டு வாங்க. பக்கம் காலியாவே இருக்கட்டும்."

அனார்கான் எழுந்து வெளியே போனாள். நான் ஜன்னலருகே நின்றேன். மரத்தடியில் ஒரு பெஞ்சு, சைகல் அதன் நுனியில் உட்கார்ந்து உள்ளங்கையில் பஞ்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அனார்கான் பக்கத்தில் உட்கார்ந்து எதுவோ கேட்டாள். குழந்தை நிமிராமல் ஒரு வார்த்தை சொன்னாள். எந்த நிறுத்தமோ. அனார்கான் மறுபடி கேட்டாள். எழுந்து போகவில்லை, அங்கேயே இருந்தாள். கைகளை மடியில் போட்டுக்கொண்டு, வண்டிக்காகக் காத்திருக்கிறவள் போலக் காத்திருந்தாள். வெள்ளையாகப் பஞ்சு இருவர் தலையிலும் இறங்கிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் கலீச்சா வேறு இரண்டு பெற்றோரை முடித்து அனுப்பிவிட்டார்.

பிறகு சைகல் கையிலிருந்த பஞ்சைக் கீழே விட்டாள். அம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவள் வாய் அசைவதைப் பார்த்தேன், கைகள் மேலே போவதைப் பார்த்தேன். பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு எதையோ இவ்வளவு உயரம் என்று காட்டினாள். அனார்கான் அண்ணாந்து பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மணி பார்த்தேன். மதிய நடைக்கு வண்டி எடுக்க இருபது நிமிஷம்தான் இருந்தது. வெளியே போய், கொஞ்சம் தள்ளி நின்றே கூப்பிட்டேன்.

"அடியே, நேரமாச்சு. டெப்போவுல திட்டுவாங்க."

அனார்கான் திரும்பாமலேயே கையை மட்டும் தூக்கினாள்.

"கொஞ்சம் இருங்க அக்கா. இப்பத்தான் பயத்துக்கு வந்திருக்கா."